ஈரம் போக வழி வைத்த வீடு

கஜா புயல் அடித்த மறுநாள் திருச்சியிலிருந்து கிளம்பி ஊருக்குப் போய்ச் சேர இருட்டிவிட்டது. மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். வழி நெடுக விழுந்து கிடந்த மரங்களை ஊர்க்காரர்களே அறுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தென்னந்தோப்பு முழுக்க ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. அப்பா வீட்டில் சீமை ஓடு பாதிக்கு மேல் பறந்துபோய், கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர்.

அந்த வீடு இரண்டு காலத்து வீடு. முன்கட்டு, தாத்தா சுண்ணாம்பில் கட்டியது. பின்னால் இரண்டு அறைகள், அப்பா 1990களில் சிமெண்ட்டில் கட்டிச் சேர்த்தவை. கான்கிரீட் கூரையைப் புயல் ஒன்றும் செய்யவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் தை மாதம் போய்ப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். கூரை இல்லாமல் மழையில் நனைந்த முன்கட்டுச் சுவர் காய்ந்து, தட்டினால் கெட்டியாக இருந்தது. நனையவே நனையாத பின்கட்டுச் சுவர், அடியிலிருந்து நாலடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயிண்ட் கொப்பளித்து, உள்ளே கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. அது புயலால் வந்ததில்லை, இருபது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது. அம்மா ஒவ்வொரு வருஷமும் அங்கே ஒரு அலமாரியை நகர்த்தி மறைத்து வைப்பார்.

புது வீடு கட்டுவது என்று முடிவானபோது அந்த இரண்டு சுவர்கள்தான் என் மனதில் இருந்தன. திண்ணை, முற்றம், தாழ்வாரம், கூடம், கொல்லை என்று பழைய ஒழுங்கில், சுண்ணாம்பும் செங்கல்லும் மரமும் வைத்து, சிமெண்ட் இல்லாமல் கட்டுவது என்று நானும் கணவரும் பேசி முடித்தோம். 2022 தையில் ஆரம்பித்து, 2023 ஆவணியில் குடி போனோம். அதற்குள் நாங்கள் கற்றுக்கொண்டதை, இந்தப் பக்கம் இதே மாதிரி கட்ட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். முழுக்க எழுத முடியாது. எது எங்களுக்கு வலித்ததோ, எது கைகொடுத்ததோ அதைச் சொல்கிறேன்.

கட்டும் முன்பு இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று கங்கைகொண்டசோழபுரம். கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி மாளிகைமேடு என்ற இடத்தில், ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடத்தைத் தொல்லியல் துறை தோண்டி வைத்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டிய செங்கல் சுவர்களின் அடிப்பகுதி வரிசை வரிசையாகத் தெரிகிறது. கோயில் கருங்கல், அரண்மனை செங்கல். மரத் தூண்களைக் கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தி, கூரைக்குச் சின்னச் சின்னத் தட்டோடுகளைப் பல வரிசையாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்திருக்கிறார்கள். இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன. இதே மாதிரி தட்டோட்டு மேல்தளத்தை நான் சின்ன வயதில் தஞ்சாவூரில் என் அத்தை வீட்டு மொட்டை மாடியில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பள்ளத்து ஓரத்தில் நின்றபோது, இது அரசர் காலத்துச் சமாச்சாரம் என்ற எண்ணம் போய், அத்தை வீடு வரைக்கும் விடாமல் வந்த வேலை என்று தோன்றியது.

இன்னொன்று தரங்கம்பாடி. சுனாமிக்குப் பிறகு அங்கே பழைய வீடுகள் சிலவற்றைச் சுண்ணாம்பிலேயே பழுது பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். கடல் காற்றில் உப்பு அறையும் இடம். அங்கே சுவர் நிற்கிறது என்றால் எங்கள் ஊரில் நிற்காதா என்ற தைரியம் அங்கேதான் வந்தது.

டெல்டாவில் வீடு கட்டுகிறவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது மண்ணை. எங்களுடையது ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல், கீழே களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், விரல் போகும் அளவு பிளவு விடும். ஐப்பசி கார்த்திகையில் ஊறி உப்பும். நிலத்தடி நீர் அப்போது இரண்டு முழம் ஆழத்துக்கே வந்துவிடும். மேலே மழை, கீழே ஊற்று, பக்கத்தில் வயல். இந்த ஊரில் சுவருக்குள் ஈரம் வராமல் தடுக்க யாராலும் முடியாது. பழைய ஆட்கள் தடுக்கப் பார்க்கவில்லை. வந்த ஈரம் வெளியே போக வழி வைத்தார்கள். வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டியதிலிருந்து வெள்ளையடித்தது வரை எங்களுக்குச் சரியாக வந்ததெல்லாம் இதைப் புரிந்து செய்தது, கெட்டுப்போனதெல்லாம் இதை மறந்து செய்தது.

அஸ்திவாரத்துக்கு ஐந்தடி ஆழம் வானம் தோண்டினோம். களிமண் மேல் நேரே செங்கல் வைத்தால், மண் உப்பி இறங்கும்போதெல்லாம் சுவரும் கூடவே ஆடும். அதனால் அடியில் இரண்டடிக்கு மணல். ஒரே தடவையில் கொட்டவில்லை. அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு ஊறவைத்து, இறங்கிய பிறகு அடுத்த அரையடி. அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து ஒரு அடிக்குக் குத்தி இறுக்கினார்கள். பிறகு படிப்படியாகக் குறுகி வரும் செங்கல் கட்டு. தரைமட்டத்துக்கு மேல் மூன்றடி தளம் உயர்த்தினோம். திண்ணை உயரமாக இருப்பது பார்வைக்காக என்று நினைத்திருந்தேன். வெள்ளம் வாசலில் நிற்கிற ஊரில் அது கரை.

செங்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சூளையில் ஒவ்வொரு தட்டிலிருந்தும் இரண்டு கல் எடுத்து, இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, வெயிலில் காயவைத்துப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பூத்தால் அந்த மண்ணில் உப்பு இருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நாங்கள் மூன்று சூளை மாறி நாலாவதில் வாங்கினோம்.

இனி சுண்ணாம்பு. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குச் சுண்ணாம்பு கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தது, கிளிஞ்சல் சுட்ட சுண்ணாம்பு. சூளையிலிருந்து இறங்கியதும் கிளிஞ்சல் உருவம் அப்படியே இருக்கும், எடை மட்டும் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். அதை அன்றைக்கே தண்ணீரில் போட வேண்டும். காற்றில் கிடந்தால் தானாக ஈரத்தை இழுத்துப் பொடிந்து, வீரியம் போய்விடும். முதல் லோடு இரண்டு நாள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பெரிய கொத்தனார் ஒரு பிடி அள்ளித் தண்ணீரில் போட்டார். சும்மா கரைந்தது, சத்தமே இல்லை.

"செத்துப்போச்சு பாப்பா. இத வெள்ளையடிக்க வச்சுக்க. சொவத்துக்கு ஆவாது."

அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். திருவாரூர் பக்கத்துக் கோயில் வேலைகளில் அவருடைய அப்பாவோடு சிறுவயதில் சாந்து அரைத்தவர். என்னைக் கடைசிவரைக்கும் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். நான் அவரைப் பெரியப்பா என்றேன்.

அடுத்த லோடு காலையில் வந்து இறங்கியபோது குழி தயாராக இருந்தது. குழியில் முதலில் தண்ணீர், பிறகுதான் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் தெறித்துக் கண்ணில் விழும். கூடை கூடையாகக் கொட்டினார்கள். ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அடியிலிருந்து முணுமுணுப்பு மாதிரி ஒரு சத்தம், அப்புறம் குழி முழுக்கச் சோறு கொதிப்பது போலக் குமிழி விட்டு, வெள்ளை ஆவி தென்னை உயரத்துக்கு எழுந்தது. பத்தடி தள்ளி நின்ற எனக்கு முகத்தில் சூடு அடித்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் கிட்டே விடாதீர்கள். வேலை செய்கிறவர்கள் கைகாலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் ஒரு அண்டா நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கண்ணில் பட்டால் யோசிக்காமல் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நீறிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து இன்னொரு குழியில் விட்டு, மேலே எப்போதும் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்தோம். பூச்சுக்கு எடுத்தது மூன்று மாதம் ஊறியது. வெண்ணெய் மாதிரி கரண்டியில் நிற்கும். ஒரு வாரத்தில் எடுத்துப் பூசிய ஒரு சின்னச் சுவரில், உள்ளே நீறாமல் தங்கிய துகள்கள் பின்னால் ஈரம் பட்டு உப்பி, குழி குழியாகக் கொட்டியது. ஆகவே வீடு கட்டப் போகிறீர்கள் என்றால், வானம் தோண்டுவதற்கு முன்னால் சுண்ணாம்புக் குழி தோண்டுங்கள்.

சாந்துக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு மணல், ஒரு பங்கு செங்கல் தூள். நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த தூள் அது, சுர்க்கி என்பார்கள். சுண்ணாம்பு மட்டும் காற்றைக் குடித்துத்தான் இறுகும், அதற்கு மாதக்கணக்காகும். செங்கல் தூள் சேர்ந்தால் ஈரத்திலும் ஓரளவு இறுகும். டெல்டாவுக்கு இது ரொம்ப முக்கியம். மாடு கட்டி இழுக்கும் செக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை. மோட்டாரில் கல் உருளை சுற்றும் அரவைத் தொட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். சும்மா கலந்தால் போதாது, அரைபட வேண்டும். விரலில் தேய்த்தால் மணல் நறநறவென்று தெரியக் கூடாது.

கடுக்காயை உடைத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெல்லம் சேர்த்துப் பத்து நாள் புளிக்கவைத்து, அந்தத் தண்ணீரில்தான் சாந்தைக் குழைத்தோம். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லமும் சாந்து சீக்கிரம் வறண்டு வெடிக்காமல் பிடித்துவைக்கும், கையிலும் குழைவாக வரும். வெல்லம் கூடினால் நல்லது என்று நினைத்து ஒரு தொட்டிக்கு நான் இரண்டு மடங்கு போடச் சொன்னேன். அந்தச் சாந்து வைத்த வரிசை ஒரு வாரமாகியும் நகம் இறங்கியது. எறும்பு வேறு வரிசை கட்டியது. பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

சுவர் பதினாலு அங்குல கனம். செங்கல்லை ஊறவைத்துத்தான் வைக்க வேண்டும், காய்ந்த கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நாளைக்கு இரண்டடிக்கு மேல் ஏற்றவில்லை. கீழே சாந்து இன்னும் இளசாக இருக்கும்போது மேலே பாரம் ஏற்றினால் பிதுங்கிவிடும். சிமெண்ட் வேலை செய்து பழகிய இளம் கொத்தனார்களுக்கு இந்த நிதானம்தான் கஷ்டமாக இருந்தது. பாதியில் நாலு பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் இந்த வேலை நடக்காது. நாள் கூலிதான் சரி. எங்கள் செலவில் பாதிக்கு மேல் கூலிதான். வீட்டுக் கடனுக்குப் போன இடத்தில் சிமெண்ட் இல்லாத வீட்டுக்கு மதிப்பீடு போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். கையிலிருந்த பணத்துக்கு ஏற்ப வீட்டைச் சுருக்கி, ஆயிரத்து நூறு சதுர அடியில் நிறுத்தினோம். இப்போது நினைத்தால் அதுவும் நல்லதுதான்.

மரத்துக்குப் புதிதாக எதையும் வெட்டவில்லை. உத்திரம், தூண், நிலை எல்லாம் இடித்த வீடுகளிலிருந்து. காரைக்குடியில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. தாழ்வாரத்துக் கைமரம் பனை. பனை வெட்ட இப்போது ஆட்சியர் அனுமதி வேண்டும், அது நல்ல கட்டுப்பாடு. எங்களுக்குக் கிடைத்தது இடித்த கொட்டகை ஒன்றின் பழைய பனஞ்சட்டங்கள், கறுத்து வைரம் பாய்ந்தவை. ஆணி இறங்க மறுத்தது, துளை போட்டுத்தான் அடித்தார்கள். சுவருக்குள் போகும் மர முனைகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் தடவி, முனையைச் சுற்றிச் சாந்து அப்பாமல் ஒரு விரல் இடைவெளி விட்டோம். மரமும் மூச்சு விட வேண்டும். அடைத்துப் பூசிய முனைதான் முதலில் இற்றுப்போகும்.

கூடத்துக்கு மேலே மட்டப்பா. இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள், ஊரில் கட்டைக்குத்து. ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குச் சட்டம், அதன் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில் சாந்து வைத்து ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், பொறியியல் படித்தவர், அன்றைக்கு முழுக்க வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை.

அதன் மேல் ஐந்தங்குலம் சுண்ணாம்பு ஜல்லி. பிறகுதான் குத்து. பத்துப் பெண்கள், ஆளுக்கு ஒரு மரக்கட்டை, குந்தி உட்கார்ந்து இரண்டு வரிசையாக எதிரெதிரே. ஒரு வரிசையின் கட்டை எழும்போது மறு வரிசையின் கட்டை விழும். நடுவே ஒருவர் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துக்கொண்டே போவார். முதல் நாள் சத்தம் சேற்றில் அடிப்பது போல் மந்தமாக இருந்தது. இரண்டாம் நாள் கொஞ்சம் கெட்டிப்பட்டது. மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல், அடித்த கட்டை துள்ளித் திரும்ப ஆரம்பித்தது, வெண்கலச் சட்டியைத் தட்டுவது போல 'டண்' என்றது, ஜல்லிக்கு நடுவிலிருந்து பால் மாதிரி சுண்ணாம்பு மேலே கசிந்து வந்தது. ஐந்தங்குலம் மூன்றரை அங்குலத்துக்கு இறங்கியிருந்தது. "இப்ப நிறுத்துங்க" என்றார் பெரியப்பா. அதன் மேல் இரண்டு வரிசை தட்டோடு, மேல் வரிசையின் இணைப்பு கீழ் வரிசையின் நடுவில் வரும்படி. இன்றுவரை அந்தத் தளம் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

குத்துகிற பெண்களுக்குச் சித்தாள் கூலி போடுவதுதான் வழக்கம். நாங்கள் கொத்தனார் கூலி கொடுத்தோம். தளம் ஒழுகுவதும் ஒழுகாததும் அவர்கள் கையில் இருக்கிறது, அது தேர்ந்த வேலை. இந்த முறை வாழ வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கூலியை யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலை நடந்த நாட்களில் சோழர் காலத்து வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். அக்காலச் செப்பேடுகளில் ஊரைத் தானம் கொடுக்கும்போது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் ஒரு உரிமையாக எழுதித் தருகிறார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால் எல்லோருக்கும் அந்த உரிமை இல்லை. கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்று, கம்மாளர்கள் செருப்புப் போட்டுக்கொள்ளவும், தங்கள் வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளவும் அரசன் அனுமதி கொடுத்ததைச் சொல்கிறது. கைவேலை செய்கிறவன் தன் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசன் சம்மதிக்க வேண்டியிருந்தது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். கரண்டியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வீடு தொகுப்பு வீடுதான் பாப்பா. சிமெண்ட்டு. பின்பக்கம் ஒரு அறைக்காச்சும் சுண்ணாம்பு அரைச்சுப் பூசணும்னு இருக்கு" என்றார். வீடு முடிந்ததும் எங்கள் குழியில் மிஞ்சிய சுண்ணாம்பு அவர் வீட்டுக்குப் போனது.

தாழ்வாரத்துக்கு நாட்டு ஓடு. முற்றத்தை நோக்கி நாலு பக்கமும் சரிவு. இரண்டு சரிவும் சந்திக்கும் மூலையைக் கூடல்வாய் என்பார்கள். வீடு ஒழுகினால் பெரும்பாலும் அங்கேதான் ஒழுகும். அங்கே மட்டும் ஓட்டுக்கு அடியில் செம்புத் தகடு வைத்தோம். பழைய முறையில் அது கிடையாது, ஆனால் எனக்கு அதில் வருத்தமில்லை. கஜாவின் பாடமாக, உத்திரத்தைச் சுவரோடு இரும்புப் பட்டை போட்டுக் கட்டினோம், இறவாரத்தை ஒன்றரை அடிக்கு மேல் நீட்டவில்லை, விளிம்பு ஓடு இரண்டு வரிசையையும் முகட்டு ஓட்டையும் சுண்ணாம்பில் பதித்தோம். காற்று ஓட்டைத் தூக்குவது ஓரத்திலிருந்துதான். நாட்டு ஓட்டைக் குரங்கு பிரிக்கும், அணில் நகர்த்தும். ஆவணி, புரட்டாசிக்குள் ஆள் விட்டு ஓடு மாற்றியே ஆக வேண்டும். அதற்கு முடியாதவர்கள் நாட்டு ஓடு போட வேண்டாம்.

பூச்சு வேலைக்கு மாதம் பார்க்க வேண்டும். எங்கள் முதல் பூச்சு சித்திரையில், அக்னி நட்சத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால். காலையில் பூசியது மாலைக்குள் வறண்டு சிலந்தி வலை மாதிரி வெடித்தது. உரித்துவிட்டு, சுவரை நன்றாக நனைத்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல், ஒரு பூச்சுக்கும் அடுத்ததுக்கும் ஒரு வாரம் விட்டு, ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் செய்தோம். அது நின்றது.

மேற்குச் சுவரின் வெளிப்பூச்சு தள்ளிப்போய் ஐப்பசி நெருங்கிவிட்டது. பெரியப்பா மகள் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். மழை வந்தால் சுண்ணாம்பு இறுகாது, சுவரின் அடி மூன்றடிக்கு மட்டும் சிமெண்ட் பூசிவிடலாம், தண்ணீர் உள்ளே போகாது என்று வேறொரு மேஸ்திரி சொன்னார். மேகத்தைப் பார்த்த பயத்தில் நான் சரி என்றேன். இரண்டே நாளில் முடித்துவிட்டார், வழவழவென்று நன்றாகவும் இருந்தது.

கார்த்திகை கடைசியில் வீட்டுக்குள், அந்தச் சுவரில் சரியாக மூன்றரை அடி உயரத்தில், ஒரு நேர்க்கோடு போல வெள்ளைப் பூப்பூத்தது. தொட்டால் உப்பு. ஒரு வாரத்தில் உள்பூச்சு பொரிந்து உதிர்ந்தது. வெளியே போக வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே ஏறி, சிமெண்ட் முடிகிற இடத்தில் வெளியே வந்து, கொண்டுவந்த உப்பை அங்கே விட்டிருக்கிறது. அப்பாவின் பின்கட்டுச் சுவரில் அம்மா அலமாரி வைத்து மறைத்த அதே கதை. அந்த ஒரு சுவரைத் தவிர மற்ற மூன்றும் மழையில் கறுத்து, மார்கழியில் வெளுத்துக் காய்ந்துவிட்டன.

மாசியில் சிமெண்ட்டை முழுக்கக் கொத்தி எடுத்தோம். செங்கல்லின் முகமும் கொஞ்சம் கூடவே போனது, அது இன்னும் மனதை அறுக்கிறது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, கரைந்து திரும்பவும் உள்ளே போகும். காய்ந்த தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கூட்டி அள்ளி வெளியே கொட்டினோம். வைகாசி வரை சுவரை வெறுமனே விட்டோம். பிறகு சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்துப் பூசினோம். சுவரை ஒட்டிய மண்ணை அரையடி வெட்டி இறக்கி, இரண்டடி அகலத்துக்குக் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் கொல்லைப் பக்கம் ஓட வாட்டம் கொடுத்தோம். முற்றத்துத் தண்ணீரும் இப்போது அந்த வழியில்தான் போகிறது.

இதே காரணத்தால் பிளாஸ்டிக் பெயிண்ட், வாட்டர்ப்ரூஃப் கலவை எதையும் இந்தச் சுவரில் தடவக் கூடாது. வெள்ளையடிப்பு மட்டும்தான், நீர்த்த சுண்ணாம்பு, மெல்லிசாக மூன்று கை. சின்ன வயதில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை அலங்காரம் என்று நினைத்தேன். இப்போது வருஷா வருஷம் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மழை முடிந்து சுவர் காய்ந்து வரும்போது மயிரிழை வெடிப்புகள் தெரியும். அந்த வாரத்தில்தான் சுண்ணாம்புத் தண்ணீர் படுகிறது, வெடிப்புக்குள் இறங்கி அடைத்துக்கொள்கிறது. தையில் பொங்கல் வருவதும் சுவருக்கு அந்தச் சமயத்தில் சுண்ணாம்பு தேவைப்படுவதும் ஒரே மாதத்தில் அமைந்திருக்கிறது.

பராமரிப்பு என்று ஒன்று எப்போதும் இருக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. போன மழையில் தென்மேற்குக் கூடல்வாயில் இரண்டு ஓடு நகர்ந்து, தாழ்வாரத்துத் திண்டில் கொஞ்சம் நனைந்தது. மேற்குச் சுவரில் பழைய கோடு இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அளவுக்கு இன்னும் உப்பு வருகிறது. போன வருஷம் இரண்டு கை அகலம் இருந்தது. மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டி எடுக்கிறேன். கொல்லையில் புதுக் குழியில் அடுத்த தைக்கு வேண்டிய சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது, நாலு விரல் தண்ணீருக்கு அடியில்.